கல் என்றுதான் சொன்னேன்

என் அய்யாவுக்கு,

நீ மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய் இன்றோடு ஒன்பது நாளாகிறது. தினமும் வேலை முடிந்ததும் போன் செய்கிறாய். துர்கா போனை என் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்கிறாய். நான் தலையை ஆட்டுகிறேன். கழுத்துக் கட்டி குரல் நரம்பைப் பிடித்துவிட்டது, இனி இருக்கிற குரல் இவ்வளவுதான் என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். என் பேச்சு எனக்கே வெறும் மூச்சாகத்தான் கேட்கிறது, உனக்கு எப்படிக் கேட்கும்? அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் பத்திர ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து ஊரார் நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதிய கை இது. இப்போது மாத்திரையால் உள்ளங்கைத் தோல் உரிந்து, பேனாவைப் பிடித்தால் எரிகிறது. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

துர்காவும் பாப்பாவும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். மருமகள் பாடம் நடத்த, பேத்தி எல்.கே.ஜி. படிக்க. நாலரை மணிக்கு வந்துவிடுவார்கள். அதுவரை நானும் இந்தக் காற்றும்தான். இந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே மலையிலிருந்து இறங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் காகிதம் பறக்கிறது. டம்ளரைத் தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாகப் போகிறவள் மகனுக்குப் புத்தி சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாய். அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு வருவதற்குள் என் கதையை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். துர்கா உனக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதி அவளுக்கும் தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அப்போது எனக்குச் சிறுநீரில் இரத்தம் போயிற்று. ஒரு நாள் போகும், பத்து நாள் போகாது. வலி கிலி ஒன்றும் இல்லை. சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் குடித்துக்கொண்டிருந்தேன். உங்க அப்பாதான் திராட்சைக் கவாத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். வலது கிட்னியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. கிட்னியோடு சேர்த்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றார்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "வெளிய எங்கயும் பரவல, முழுசா எடுத்தாச்சு. ஆனா இந்த வகை கொஞ்சம் வம்பு பிடிச்சது. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு வேற ஒரு இடத்துல வந்து நிக்கும். வருஷா வருஷம் வந்து பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக உங்க அப்பாவிடம், "தம்பிக்குத் தெரிய வேணாம். பரீட்ச முடியட்டும்" என்றேன்.

நீ ஓடி வந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று, "என்னம்மா ஆச்சு?" என்றாய். கிட்னியில் கல், பெரிய கல், அதனால் கிழித்து எடுத்தார்கள் என்றேன். எவ்வளவு பெருசு என்று கேட்டாய். நான் கட்டைவிரலைக் காட்டினேன். நீ சிரித்தாய். அதுதான் முதல் பொய். உன் படிப்புக்காகச் சொன்னது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்தது. அப்புறம் வேலை தேடும் நேரம், பிள்ளை மனசு கலங்கக்கூடாது. அப்புறம் மஸ்கட் வேலை, முதல் தடவை வெளிநாடு போகிறவனை அழுதுகொண்டு அனுப்பக்கூடாது. சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. நான் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உன் கல்யாணத்தின்போது செய்தது அந்தக் கணக்கில் வராது. அது தெரிந்தே செய்த துரோகம். உன் சித்தி மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். ஜாதகம் சரியில்லை என்று வெளியில் சொன்னார்கள். என் தங்கைக்கு மார்பில் கட்டி எடுத்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் காரணம். "அந்த வீட்டுல அந்த நோவு இருக்காம்ல" என்று ஒருத்தி பத்திர ஆபீஸ் வாசலில் நின்று, நான் யார் என்று தெரியாமல், என் முன்னாலேயே சொன்னாள். அந்த வார்த்தை என் வயிற்றில் தங்கிவிட்டது. போடியிலிருந்து துர்காவின் அப்பா நம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், உங்க அப்பா என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய், "பொண்ணு வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிருவோம். வேணாம்னா போறாக. நாளைக்குத் தெரிஞ்சா அவுக மூஞ்சில முழிக்க முடியாது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க வாயத் தொறந்தா எம்மகன் கல்யாணம் நின்னுபோகும். நின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றேன். அதற்கப்புறம் அந்த மனுஷன் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கே மதுரை ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து, வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு தாளாகப் போட்டேன். ஆபரேஷன் குறிப்பு, சோதனை ரிப்போர்ட், எல்லாம். வில்லங்கம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். துர்காவைப் பெற்றவர்கள் பார்க்க வேண்டிய வில்லங்கத்தை அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டேன்.

வருஷா வருஷம் போக வேண்டிய சோதனைக்கு உங்க அப்பா இருந்தவரை தவறாமல் கூட்டிப் போனார். மதுரையில் கல்யாணம், துக்கம், உரம் வாங்கணும் என்று வீட்டில் ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்புவோம். அவர் போய் மூன்று வருஷமாகிறது. அதோடு நானும் போவதை நிறுத்திவிட்டேன். தனியாகப் போகத் தெம்பு இல்லை. யாரையாவது கூட்டிப் போனால் ஏன், எதற்கு என்று சொல்ல வேண்டும். இவ்வளவு வருஷமாக ஒன்றும் வரவில்லையே, இனி என்ன வரப்போகிறது என்றும் நினைத்தேன்.

போன வருஷம் ஆடி கழிந்து ஒரு நாள், துர்கா எனக்குச் செயின் கொக்கியை மாட்டிவிடும்போது, "அத்தே, கழுத்துல ஒரு பக்கம் வீங்குன மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். எச்சில் விழுங்கினால் ஒரு புளியங்கொட்டை மேலே ஏறி இறங்குவது போலத் தெரிந்தது. அவளே லீவு போட்டுத் தேனிக்குக் கூட்டிப் போனாள். இரத்தத்தில் தைராய்டு அளவெல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்க்கணும் என்றார்கள்.

அந்த ஊசி பெரிய வேதனை இல்லை. தோளுக்குக் கீழே தலையணையை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார்கள். முழுங்காதீங்க, பேசாதீங்க என்றார்கள். இரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லிசு. கட்டிக்குள் விட்டு முன்னும் பின்னும் அசைத்து, உறிஞ்சியதைக் கண்ணாடித் துண்டில் விட்டு, இன்னொரு கண்ணாடியால் மாவு தடவுவது போல் இழுத்தார்கள். முதல் தடவை வெறும் இரத்தம்தான் வந்தது, செல் போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்கள். அன்றைக்கு ஊசி போட்டு முடித்து, பஞ்சை அமுக்கிக்கொண்டு நானும் துர்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து ஒரு டாக்டர்ப் பெண் வந்தாள். துர்கா வயசுதான் இருக்கும். அவள்தான் அந்தக் கண்ணாடித் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவள். பொதுவாக அவர்கள் வெளியே வந்து யாரிடமும் பேசுவதில்லையாம். அவள் வந்தாள்.

"அம்மா, உங்களுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா? எந்தக் கட்டியாவது எடுத்திருக்காங்களா? எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்ல, சொல்லுங்க" என்றாள்.

துர்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நான், "கிட்னில கல்லு எடுத்தாங்கம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"கல்லுதானா?"

"கல்லுதான்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சரி என்று உள்ளே போனாள். அய்யா, அந்தப் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்கிறது. தட்டியதால்தான் எழுந்து வந்திருக்கிறாள். கதவு திறந்தது, என்னைத் தேடிக்கொண்டு ஒருத்தி வாசல்வரை வந்து கேட்டாள். நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். தைராய்டிலேயே கிளம்பிய கட்டி போலத் தெரிகிறது, நல்லதா கெட்டதா என்று ஊசியால் மட்டும் சொல்ல முடியாது, தைராய்டில் ஒரு பக்கத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ரிப்போர்ட் வந்தது. நான் சொன்னதை வைத்து அவள் எழுதினாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டர்கள் "இதுக்கு முன்னாடி ஏதாவது?" என்று கேட்பது வாய்ப்பேச்சுக்கு இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊசியில் வருகிற துளிச் செல்லைப் பார்த்து, இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு லேசு இல்லையாம். பாதியை ஊசி சொல்லும், மீதிப் பாதியை நாம்தான் சொல்ல வேண்டுமாம். நீயாவது எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், பக்கத்தில் யார் இருந்தாலும், உள்ளதை உள்ளபடி சொல்.

துர்காவுக்கே தெரியாத இடத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ போனில் எத்தனை தடவை கெஞ்சினாய்! "கழுத்துல கத்தி வைக்கப் பயமா இருக்குய்யா" என்றேன். துர்காவின் அப்பாகூடப் போடியிலிருந்து வந்து, "பயப்படாதீக சம்பந்தி, நாங்க எல்லாம் இருக்கோம்ல" என்றார். எனக்குக் கத்திக்குப் பயமே இல்லை. ஆபரேஷன் என்றால் அதற்கு முன்னால் வயிறு, நெஞ்சு, கிட்னி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன். ஏழு மாசம், அய்யா. ஏழு மாசம் அந்தக் கட்டியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, சமைத்தேன், பாப்பாவைக் குளிப்பாட்டினேன், கோயிலுக்குப் போனேன். அந்த ஏழு மாசத்தில் அது எங்கே எங்கே போயிற்றோ.

குரல் கம்ம ஆரம்பித்ததும் துர்கா என்னைக் கேட்கவில்லை. கார் பிடித்து மதுரைக்கு ஏற்றிவிட்டாள். அங்கே ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். என் வயசை ஒத்த ஒரு டாக்டரம்மா. இரண்டு தடவை குத்தி எடுத்ததைக் கண்ணாடியில் தடவியதோடு நிற்காமல், ஒரு சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீருக்குள்ளும் கழுவி விட்டார். அதை மெழுகில் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, விதவிதமான சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். எனக்கும் துர்காவுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"தைராய்டு செல்லுக்குன்னு சில அடையாளம் இருக்கும்மா. அந்தச் சாயம் போட்டா அது பிடிக்கும். இதுல பிடிக்கல. அதனால இந்தக் கட்டி தைராய்டுல இருக்கு, ஆனா தைராய்டோடது இல்ல. வேற எங்கயோ இருந்து இரத்தத்துல வந்து இங்க உக்காந்திருக்கு. இது அபூர்வம்தான், ஆனா நடக்கும். செல்லு உள்ள வெறுமையா, தண்ணி கோத்த மாதிரி தெரியுது. கிட்னியோட சாயம் போட்டா பிடிக்குது. உங்களுக்குக் கிட்னில ஏதாவது பிரச்சனை இருந்ததா?"

அவருக்கே தெரிந்துவிட்டது. விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அப்போதும், அய்யா, அப்போதும் நான், "கல்லுதான் எடுத்தாங்க" என்றேன்.

வயிற்றை ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். துர்கா கூடவே உள்ளே வந்தாள். ஸ்கேன் எடுத்த தம்பி, வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தி, வலது பக்கம் தேடினான். திரும்பப் படுக்கச் சொன்னான். மறுபடியும் தேடினான். "ஆன்ட்டி, வலது கிட்னியை எடுத்துட்டாங்களா? இங்க இல்லையே" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வாயால் வரவில்லை அய்யா. கடைசிவரை என் வாயால் வரவே இல்லை. ஒரு மெஷின்தான் சொல்லிற்று.

என் வயிற்றில் இருந்த பசையைத் துர்காவே துடைத்துவிட்டாள். புடவையைச் சரி செய்துவிட்டாள். பழைய ரிப்போர்ட் கொண்டு வர முடியுமா என்று டாக்டரம்மா கேட்டபோது, எரித்துவிட்டேன் என்று நான் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஊருக்குத் திரும்பும்போது, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது காரில் துர்கா கேட்டாள்.

"தேனி டாக்டரம்மா வெளிய வந்து கேட்டப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்?"

"இருந்த."

"நான் இருந்ததாலதான் சொல்லலையா அத்தே?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவுக்குச் சக்கர இருக்கு, எங்கப்பாவுக்கு ரெண்டு தடவ நெஞ்சு அடைச்சிருக்கு. நீங்க என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா எல்லாத்தயும் ஒங்ககிட்ட ஒண்ணுவிடாமச் சொன்னாகல்ல அத்தே. நீங்க காப்பியக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டீக. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எனக்கும் ஞாபகம் இருந்தது. அவர் சொல்லி முடித்ததும், "இதெல்லாம் யாருக்கு இல்ல சம்பந்தி, மனசு சுத்தமா இருந்தாப் போதும்" என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பெரிய ஸ்கேனில் நுரையீரலில் புள்ளி புள்ளியாக இருந்தது, இடுப்பு எலும்பிலும் இருந்தது. நீ பிளேன் பிடித்து வந்தாய். தைராய்டில் மட்டும் இருந்த காலத்திலேயே கண்டுபிடித்து எடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார்களா என்று நீ கேட்டபோது, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது தம்பி" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன். நோய் கழுத்தில் மட்டும் வந்து நின்றவர்கள், அதை எடுத்துவிட்டுப் பல வருஷம் நன்றாக இருந்ததும் உண்டு என்று அந்த டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டேன், அதனால் சொன்னார். இந்த மாத்திரை அதைத் தள்ளிப்போடும், போக்காது. எத்தனை மாசம் என்று நான் கேட்கவில்லை.

நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று வாரமும் என் காலடியிலேயே கிடந்தாய். வாயில் புண் வந்து சாப்பிட முடியாதபோது கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாய். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வடுகபட்டி மாமா என்னைப் பார்க்க வந்தபோது, கூடப் பிறந்த என் அண்ணனிடம், நீ சொன்னது என் காதில் விழுந்தது. "தைராய்டு கட்டி மாமா. இப்ப எல்லாருக்கும் வருதுல்ல, மாத்திரைலயே கரைஞ்சிரும்" என்றாய். துர்காவின் அப்பாவிடமும் அதையே சொன்னாய். துர்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீயும் அப்படியே சொல்லிரும்மா. கேன்சர்னு சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாக. நம்ம பாப்பாவும் பொட்டப்புள்ள, நாளப்பின்ன யாரு எப்படி நினைப்பாகன்னு தெரியாது" என்றாய். நாலு வயசுப் பிள்ளையின் கல்யாணத்துக்காக இப்போதே பொய்யைச் சேர்த்து வைக்கிறாய். அது உன் குரல் இல்லை அய்யா. தோட்டத்தில் உங்க அப்பா வாயை அடைத்த என் குரல். நோய் உனக்கு வராமல் இருக்கலாம். இது வந்துவிட்டது. நான்தான் கொடுத்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மதுரையில் டாக்டர், "இது பெரும்பாலும் வழிவழியா வர்றது இல்ல. இருந்தாலும் நீங்க ஒரே பிள்ளை, ஒரு தடவை வயித்தை ஸ்கேன் எடுத்துப் பாத்துக்குங்க, மனசுக்கு நிம்மதி" என்றார். புதன்கிழமை தேனிக்குப் போய் எடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாய். மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில், வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், இருக்கிற குரலில். "ஸ்கேன் எடுத்தியாய்யா?" நீ நிமிரவில்லை. "எடுத்துட்டேம்மா. எல்லாம் நார்மல்" என்றாய். ரிப்போர்ட் எங்கே என்று துர்கா கேட்டாள். பெட்டியில் அடியில் வைத்துவிட்டேன் என்றாய்.

மூன்று நாளைக்கு முன்னால் மாமா என்னைப் பார்க்க வந்தார். புதன்கிழமை முழுக்க நீ அவர் தோட்டத்தில்தான் இருந்தாயாம். வாழைக்கு நடுவே மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தாயாம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லையாம். "பிள்ள ரொம்ப ஒடஞ்சு போயிருக்கான்த்தா" என்று சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

வந்த நாளிலிருந்து நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன். பிளேனில் உட்கார்ந்து வந்த வலி என்றாய். அப்படியே இருக்கட்டும். ஒன்றுமே இல்லாமல் இருக்கட்டும். உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். பார்த்தால்தானே இருக்கிறது என்று தெரியும், பார்க்காவிட்டால் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் நானும் மூன்று வருஷம் மதுரைப் பக்கம் போகாமல் இருந்தேன், ஏழு மாசம் கட்டியை மூடி வைத்தேன். நான் இன்று இருக்கிற நிலைமையை நீ கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகும் நீ குனிந்துகொண்டு எல்லாம் நார்மல் என்று சொன்னாய். இந்த வியாதி என்னைக் கொல்வதைவிட அது பெரிதாக இருக்கிறது எனக்கு. நான் பட்டதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிகிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துப் பொய் சொன்னேன். இப்போது பார், உன்னைக் காப்பாற்ற என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை, குரல்கூட.

நான் போன பிறகு, உன் அம்மா எதில் செத்தார்கள் என்று கேட்பார்கள். கிட்னியில் வந்த புற்றுநோய், கழுத்துக்கு வந்தது, மறைத்தார்கள், செத்தார்கள் என்று சொல். நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் துர்கா சொல்லட்டும், அவளைத் தடுக்காதே.

இங்கேயே முடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், அதுவும் பழைய வேலைதானே என்று தோன்றியது. ஒட்டவில்லை. சாயங்காலம் வந்ததும் துர்கா கையில் கொடுத்து, அனுப்புவதற்கு முன்னால் நீ படி என்று சைகை காட்டினேன். ஏழு மாசக் கதையும், நீ ஸ்கேன் எடுக்காததும் அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரிந்தது. சமையலறை நிலையில் சாய்ந்து நின்று படித்தாள். பாப்பா பிஸ்கட் கேட்டு அவள் புடவையை இழுத்துக்கொண்டே இருந்தாள், அவள் குனியவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். "நாளைக்குக் கூரியர்ல போட்டுர்றேன் அத்தே" என்றாள். பாப்பாவுக்குப் பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, எனக்குக் கஞ்சி போட்டாள்.

என்னை மன்னித்தாயா என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாள். அது நிஜமா, நான் நோயாளி என்பதற்காகச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. என் காலம் அப்படியே முடியும். உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அவளிடம் தாளைத் திரும்ப வாங்கித்தான் இந்தக் கடைசி வரிகளைச் சேர்க்கிறேன். அங்கேயே ஸ்கேன் எடு. என்ன வந்தாலும் அந்த ரிப்போர்ட்டை அவளுக்கு அனுப்பு, அய்யா. எனக்கு அனுப்ப வேண்டாம்.

அம்மா